மூன்றாவது பாட்டிலின் கோடு

நீர் கோட்டுக்கு மேலே இருந்தது.

அதிகமில்லை, அரை விரல்கடை. வேறு யாராக இருந்தாலும் கண்ணில்கூடப் பட்டிருக்காது. ஆனால் அந்தக் கோட்டைப் போட்டவள் அவள். காலை பத்து இருபதுக்கு, வார்டிலிருந்து பாட்டில் வந்த கையோடு, அதை மேசையில் மட்டமாக வைத்து, குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து, கறுப்பு மார்க்கரால் இழுத்த கோடு. பக்கத்தில் நேரம். அதற்குக் கீழே அவளுடைய பெயரின் முதல் எழுத்து. இப்போது மணி இரண்டரை. லேப் ஃபிரிட்ஜின் கதவை ஒரு கையால் பிடித்தபடி அவள் அந்தப் பாட்டிலை முறைத்துக்கொண்டு நின்றாள்.

கோடு போடச் சொல்லி எந்தச் சட்டமும் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நோயாளியின் வயிற்று நீர் சோதனைக்குப் போதவில்லை என்று எழுதி அனுப்பியிருந்தாள். நிறையத்தான் அனுப்பினோம், லேபில்தான் கொட்டிவிட்டார்கள் என்று வார்டில் சாதித்தார்கள். பழி அவள் மேல் விழுந்தது. அந்த மனிதருக்கு மறுபடி ஊசி குத்தினார்கள். அன்றிலிருந்து எது வந்தாலும் முதலில் கோடு, மற்றதெல்லாம் பிறகு. வார்டுகளில் அவளுக்குக் 'கோடு அக்கா' என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். அதற்கப்புறம் ஒருத்தரும் அவளிடம் வாலாட்டியதில்லை.

மூடியைச் சுற்றி அவள் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. டேப்பின் மேலே ஓடிய கையெழுத்தும் பிசகாமல் இருந்தது. யாரும் திறக்கவில்லை. அப்படியென்றால் காலையில் கோடு போட்டதுதான் தப்பு. தூக்கமில்லாத கண், வளையாத முதுகு, ஏதோ ஒன்று. எரிச்சலைக் காட்ட வேறு ஆள் இல்லாததால் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கையுறைப் பெட்டிக்குள் கையை விட்டாள். காலி. ஸ்டோர் சாவியை வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார். வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்திருந்தாள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றிருந்தார், நோயெல்லாம் அதுவரை அவருக்காகக் காத்திருக்கும் என்கிற மாதிரி. சனியன் என்று வெறும் கையால் பாட்டிலை எடுத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

வெளிப்புறம் ஈரமாகவும் இருந்தது. பாட்டிலைச் சட்டென்று மேசையில் வைத்துவிட்டு, கையை அங்கியின் இடுப்புப் பக்கம் துடைத்துக்கொண்டாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இப்படித் துடைத்தால் முதல் ஆளாகத் திட்டுகிறவள் அவள்தான். ஃபிரிட்ஜின் வெப்பமானி நான்கு டிகிரி காட்டியது. அதே தட்டில் இருந்த மற்ற நோயாளிகளின் ரத்த மாதிரிக் குழாய்களையும் சிறுநீர் டப்பாக்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சில்லென்றுதான் இருந்தன. நாலு மணி நேரம் அவற்றோடு உட்கார்ந்திருந்த இது மட்டும், இப்போதுதான் ஒருவன் வயிற்றிலிருந்து எடுத்த சூட்டோடு இருந்தது.

அது அவளுடைய தம்பியின் வயிறு.

தெருவில் அவனுக்கு ஒல்லி என்று பெயர். வயரிங் வேலை. பொய்க்கூரைக்கும் நிஜக்கூரைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நுழைந்து ஒயர் இழுக்க அவனை விட்டால் ஆளில்லை. அந்த ஒல்லிக்கு இரண்டு மாதமாக வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. கையும் காலும் குச்சியாக இளைத்து, வயிறு மட்டும் பானையாகி, மூன்று வாரமாக மூன்றாம் மாடி வார்டின் கடைசிக் கட்டிலில் கிடக்கிறான். "அக்கா, ஒரு பேரு யோசிச்சு வை. பொறந்துடப் போவுது" என்று போன வாரம் கிண்டல் பண்ணினான். அவள் சிரிக்கவில்லை. அம்மா வேலைக்குப் போன காலத்தில் அவனை இடுப்பிலேயே வைத்துத் திரிந்தவள் அவள். அவன் எடை இடுப்புக்கு மறக்கவில்லை.

வருகிற டாக்டரெல்லாம் முதலில் கேட்பது ஒரே கேள்வி. குடிப்பீங்களா? அவன் சோடாகூடக் குடிக்க மாட்டான் என்று ஆறு பேரிடம் சொல்லிவிட்டாள். ஆறு பேரும் தலையாட்டிவிட்டு, நம்பாமல் எழுதிக்கொண்டு போனார்கள். பெரிய டாக்டர் அவன் வயிற்றின் ஒரு பக்கம் உள்ளங்கையை வைத்து, மறுபக்கம் விரலால் சுண்டிக் காட்டினார். நடுவில் அவளுடைய கையை வைத்து அழுத்தச் சொன்னார். சுண்டியதும் ஓர் அலை கிளம்பி, அவள் கைக்குக் கீழே நழுவி, அந்தப் பக்கத்து உள்ளங்கையில் போய்த் தட்டியது. நீர்தான் என்றார் பெரிய டாக்டர். அது எங்களுக்கும் தெரியும், ஏன் வந்தது என்று சொல்லுங்கள் என்று அவள் மனதுக்குள் கத்தினாள்.

ஏன் என்று சொல்ல வேண்டியது அவளுடைய மேசைதான். ரத்தத்திலும் வயிற்று நீரிலும் அல்புமின் என்கிற புரதம் எவ்வளவு என்று ஒரே நாளில் பார்க்க வேண்டும். ரத்தத்து எண்ணிலிருந்து நீரின் எண்ணைக் கழிக்க வேண்டும். மிச்சம் ஒன்றுக்கு மேல் நன்றாக வந்தால் ஈரல் பக்கம் தேடலாம். குறைந்தால் காசநோய், கட்டி என்று வேறு பக்கம் போகலாம். முதல் தடவை எடுத்ததில் ஒன்று புள்ளி நாலு வந்தது. இரண்டாவது தடவை அரைதான். ஒரே ஆள், ஒரே வயிறு, இரண்டு திசை. புற்று அணு இல்லை, கிருமி இல்லை. இன்று மூன்றாவது. இதிலும் காரணம் தெரியாவிட்டால் நாளைக் காலை வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்று பெரிய டாக்டர் முடிவு செய்திருந்தார். இந்த உடம்போடு ஆபரேஷன் மேசையில் ஏற்றினால் இறக்குவது கஷ்டம் என்று மயக்க மருந்து டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

ஆகவே பாட்டில் சூடாக இருக்கிறதே என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை. கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, தம்பியின் ரத்தத்தோடு மெஷினில் வைத்தாள். மெஷின் தன்பாட்டுக்கு முனகியது. அடித்தளத்து லேபுக்கு ஜன்னல் கிடையாது. குழல்விளக்கு ஒன்று விட்டுவிட்டு ரீங்கரித்தது, ஸ்பிரிட் வாடை மூக்கிலேயே நின்றது, மேலே எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போய்த் தேய்ந்தது. எண்கள் வந்தன. ரத்தத்தில் இரண்டு புள்ளி ஒன்று. நீரில் இரண்டு புள்ளி எட்டு.

கழித்தால் மைனஸ்.

அவள் வார்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது காலையிலிருந்தே ட்யூட்டியில் இருக்கிற நர்ஸ்.

"காலைல ஒல்லிக்கு எடுத்த ரத்தமும் தண்ணியும் மாறிடுச்சாம்மா?"

"எப்படிக்கா மாறும்? ரத்தம் சிவப்பு, தண்ணி மஞ்சள். எனக்கு அதுகூடத் தெரியாதா?"

"அப்ப வேற யாரோட ரத்தமாவது..."

"அக்கா, நான்தான் எடுத்தேன். அவர் ஜோக் சொல்லிக்கிட்டே கையை நீட்டினார். இப்ப தூங்கிட்டு இருக்கார். உங்க மெஷினைப் பாருங்க, என்னை விடுங்க."

போனை வைத்தாள். நர்ஸ் மேல் தப்பில்லை. சுழற்றித் தெளியவைத்த பிறகு ரத்தமும் மஞ்சளாகத்தான் நிற்கும், மெஷினில் வைக்கும்போது அவளே கிண்ணங்களை மாற்றி வைத்திருக்கலாம். மறுபடி வைத்தாள். வாய்விட்டு ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லி வைத்தாள். இது ரத்தம். இது நீர். ரத்தம் இரண்டு. நீர் மூன்று. அரை மணி நேரத்தில் ஒன்று இறங்கியிருந்தது, ஒன்று ஏறியிருந்தது. மூடி போட்ட குழாயில் இருக்கிற ரத்தம் எப்படி இளைக்கும்? பதினெட்டு வருடமாக இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இப்படி ஒன்று நடந்ததில்லை.

ட்யூட்டி டாக்டரைக் கூப்பிட்டாள். சின்ன வயதுக்காரர், பாதிக் கொட்டாவியில் எடுத்தார்.

"மைனஸ் வருது டாக்டர். ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"மைனஸெல்லாம் வராது மேடம். மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும். நாளைக்கு எப்படியும் திறந்து பார்க்கப் போறாங்க, விடுங்க."

விடுங்களாம். அவருக்கென்ன, அவர் தம்பியா மேசையில் ஏறப் போகிறான். ஆத்திரத்தில் ஃபிரிட்ஜின் அடித்தட்டை இழுத்தாள். வேலை முடிந்த மாதிரிகளை ஒரு வாரத்தில் எறிந்துவிடுவது வழக்கம். தம்பியின் முதல் இரண்டு பாட்டில்களையும் அவள் எறியவில்லை. காரணம் தெரிகிறவரை இருக்கட்டும் என்று பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

இரண்டிலும் நீர் கோட்டுக்கு மேலே இருந்தது. இரண்டாவதில் இரண்டு விரல்கடை. முதல் பாட்டிலில் கோடு எங்கோ பாதியில் கிடக்க, நீர் மூடி வரைக்கும் வந்து முட்டிக்கொண்டிருந்தது. டேப் உப்பி, அதன் மேலிருந்த அவள் கையெழுத்து அகன்றிருந்தது.

மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தாள். மூன்றும் வெதுவெதுப்பு. இடுப்பில் கை துடைத்த இடம் இன்னும் காயவில்லை என்று அப்போதுதான் உணர்ந்தாள். அங்கியைத் தாண்டி உள்ளே வரை ஈரம். மாற்று அங்கி ஸ்டோரில். ஸ்டோர் பூட்டு. அவள் பல்லைக் கடித்தாள்.

ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். மூர்க்கமான எதையாவது பார்த்தால்கூடப் பரவாயில்லை, பிடித்துக்கொள்ள ஒரு பெயராவது கிடைக்கும். ஒன்றுமில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாதாரண வெள்ளணுக்கள். மெல்ல மிதந்தன. எல்லாம் ஒரே பக்கமாக மிதந்தன. சொட்டு ஓடுகிறது என்று தகட்டைத் திருப்பி வைத்தாள். அணுக்கள் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், வந்த வழியே திரும்பி, பழைய பக்கத்துக்கே போய் ஓரத்தில் குவிந்தன.

அவள் கண்ணை எடுத்தாள். அணுக்கள் போய்க் குவிந்த பக்கம் லேபின் வலது மூலை. லிஃப்ட் இருக்கிற மூலை.

பாட்டில்களைப் பார்த்தாள்.

மூன்றிலும் நீர் சாய்ந்திருந்தது. லிஃப்ட் பக்கம் உயர்ந்து, இந்தப் பக்கம் தாழ்ந்து, சாய்த்துப் பிடித்த தம்ளரில் நிற்பது போல நின்றது. பாட்டில்கள் நேராகத்தான் இருந்தன. மேசைதான் கோணல் என்று வேறொரு நோயாளியின் சிறுநீர் டப்பாவைப் பக்கத்தில் வைத்தாள். அது மட்டமாக, ஒழுங்காக நின்றது. மூன்றாவது பாட்டிலைப் பிடித்துத் திருகினாள். லேபிள் சுற்றி வந்தது, கோடு சுற்றி வந்தது. நீர் மட்டும் திரும்பவில்லை. லிஃப்டுக்கு நேர் மேலே மூன்றாம் மாடியில் கடைசிக் கட்டில் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தினமும் நாலு தடவை ஏறி இறங்குகிறாள்.

பயந்திருக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதையும் மீறி இரண்டு மாதத்து ஆத்திரம் தொண்டைக்கு வந்தது. ஆறு டாக்டர்கள், மூன்று ஊசிகள், பூட்டிய ஸ்டோர், நாளைக் காலை மேசை. அவள் மூன்றாவது பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள்.

"உனக்கு என்னதான் வேணும்? அவன்கிட்ட என்ன இருக்கு? எலும்பும் தோலுமா கிடக்கறான். சொல்லித் தொலையேன்." குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. "சின்ன வயசுல அவனை என் இடுப்புல கட்டிவிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் எல்லாம் என் தலையிலதான். இதையும் கட்டிட்டுப் போ. அவனை விடு."

பாட்டிலை டங்கென்று வைத்தாள். நீர் குலுங்கியது. பைத்தியம் பிடித்துவிட்டதா உனக்கு என்று தன்னைக் கேட்டுக்கொண்டு, திரும்பி நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். கையில் ஒரு வாடை இருந்தது. ஸ்பிரிட் இல்லை. வெயிலில் விளையாடிவிட்டு வந்த குழந்தையின் தலையில் வருமே, அந்த வாடை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. போன் அடித்தது.

"அக்கா, உங்க தம்பி வயிறு வத்திடுச்சு." நர்ஸின் குரலில் சிரிப்பு இருந்தது. "டேப் வெச்சு மூணு தடவை அளந்துட்டேன். ஒரு மணி நேரத்துல எட்டு இஞ்ச் குறைஞ்சிருக்கு. எழுந்து உட்கார்ந்து பசிக்குதுங்கறார்."

"பாத்ரூம் போனானா?"

"போகலையே. படுக்கைகூட நனையல."

"அப்ப தண்ணி எங்க போச்சு?"

"என்னக்கா நீங்க, சந்தோஷப்படாம. போனது போச்சுன்னு இருங்க. அவர் உங்களைப் பார்க்கணும்னு கீழ கிளம்பிட்டார். சொன்னாக் கேட்க மாட்டேங்கறார், வீல்சேர் வேண்டாம்னு நடந்தே லிஃப்டுக்குப் போறார்."

போன் வைக்கப்பட்டது. அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான், அதில் பொய்யில்லை. அவன் நடக்கிறான். பசிக்கிறது என்கிறான். நாளை மேசை கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

பாட்டில்கள் எதிரே இருந்தன.

நீர் லிஃப்ட் பக்கம் சாய்ந்திருக்கவில்லை. மூன்றிலும் இந்தப் பக்கத்துச் சுவரில் ஏறி நின்றது. நாற்காலி இருக்கிற பக்கம்.

அவள் எழுந்தாள். கைகழுவும் தொட்டிப் பக்கம் நாலடி நகர்ந்தாள். நின்று பார்த்தாள்.

நீர் நகர்ந்தது.

கதவுப் பக்கம் போனாள். மெதுவாக. மூச்சைப் பிடித்துக்கொண்டு.

நகர்ந்தது.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அங்கிருந்து எட்டிப் பார்த்தாள். மூன்று பாட்டில். மூன்று சரிவு. மூன்றும் அவளை நோக்கி. முதல் பாட்டிலின் டேப் தளர்ந்திருந்தது. உப்பல் இல்லை. நீர் இறங்கிக்கொண்டிருந்தது. மேசையில் சொட்டு இல்லை. தரையில் ஈரமில்லை. மூடி திறக்கவில்லை. ஆனாலும் இறங்கியது.

இடுப்பைத் தொட்டாள். அங்கி காய்ந்திருந்தது.

லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம். கதவு தேய்கிற சத்தம். வெறுங்கால் நடை. அவளுக்குத் தெரிந்த நடை.

"அக்கா, டீ இருக்கா? பசியில உயிர் போவுது."

தம்பி வாசலில் நின்றான். தொளதொளத்த கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். பழைய ஒல்லி. கன்னத்தில் கொஞ்சம் நிறம்கூட வந்திருந்தது. அவள் பாட்டில்களைப் பார்த்தாள். அவன் பக்கம் ஒன்றும் திரும்பவில்லை. எந்தப் பக்கமும் சாயவில்லை. மூன்றிலும் நீர் மட்டமாக, அவள் போட்ட கோட்டில், மயிரிழை பிசகாமல் நின்றது.

"ஃபிளாஸ்க்ல இருக்கு. ஊத்திக்கோ."

அவன் ஊற்றிக்கொண்டு அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தான். "காரணம் தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"விடு. எங்க போச்சோ அங்கேயே நல்லா இருக்கட்டும்." சிரித்தான். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தான். "என்னக்கா, நான் படுத்த நேரத்துல நீ நல்லா வெளுத்துக் கட்டின போல. அங்கி பட்டன் பிச்சுக்கிட்டு நிக்குது."

காலையில் அந்தப் பட்டன் தளர்வாகத்தான் விழுந்தது. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அங்கிக்குள் கையை விட்டு, வலது உள்ளங்கையை வயிற்றின் வலப்பக்கம் வைத்தாள். தோல் இறுகியிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. பெரிய டாக்டர் செய்தது போல, இடப்பக்கம் சுண்டுவதற்காக இடது கை விரலை மடக்கினாள்.

மடக்கிய விரல் அப்படியே நின்றது. சுண்ட மனம் வரவில்லை.

அலை வந்து உள்ளங்கையில் தட்டியது.

பின்னால் தம்பி டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். அவள் விரல் இன்னும் மடங்கியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, உள்ளேயிருந்து, மறுபடியும் தட்டியது.